நான்கில் ஒரு குடம்

இரவு பதினொரு மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு எங்கள் அடுக்களைச் சுவரிலிருந்து ஒரு முனகல் எழும். சிறிது நேரம் முனகும். பின் ஒரு பெருமூச்சு. அதன் பின் சொட்டுச் சொட்டாக நீர் விழும் ஓசை. புது வீட்டிற்குக் குடி வந்த முதல் வாரத்தில் அம்மா அந்த ஓசையைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து, “அடுக்களையில் ஆரோ அழுகிறார்களே!” என்றார்கள். “ஆரோ இல்லையம்மா, ஆர்.ஓ.” என்றேன் நான். அன்று முதல் எங்கள் வீட்டில் அந்தக் குடிநீர் இயந்திரத்திற்கு ‘ஆரோ’ என்பதே பெயராகிவிட்டது. “ஆரோவுக்கு இன்று உடம்பு சரியில்லை” என்று அதனைக் குடும்பத்தில் ஒருவராகவே பாவித்துப் பேசுவது வழக்கமாயிற்று. குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாத சலுகையும் அதற்கு உண்டு. மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதற்கு மட்டும் வைத்தியர் வீடு தேடி வருகிறார்.

ஆம்பூரில் எங்கள் பழைய வீடு பள்ளிவாசலுக்குப் பின்புறத்துச் சந்தில் இருந்தது. ஜனாஸாவைச் சுமந்து வரும்போது சந்தூக்கைச் சற்றே சாய்த்துத்தான் அந்த முடுக்கைத் திரும்ப முடியும், அத்தனை அகலம். ஆயினும் முற்றத்தில் கிணறு உண்டு. கூப்பிடு தூரத்தில் பாங்கோசை உண்டு. கதவைத் தட்டாமல் உள்ளே வரும் அண்டை வீட்டார் உண்டு. பிள்ளைகள் பெருகினர், இடம் பெருகவில்லை. 2016ஆம் ஆண்டில், நெடுஞ்சாலைக்கு அப்பால் புதிதாக மனை பிரித்த ஒரு ‘நகரில்’ வீடு கட்டிக் குடியேறினோம். மனைத் தரகர் எங்களுக்கு மூன்று வாக்குறுதிகள் தந்தார். ஸ்டேஷனுக்குப் பத்து நிமிடம். இளநீர் போன்ற தண்ணீர். இரவில் நிம்மதியான உறக்கம். மூன்றாவது வாக்குறுதியை ஆரோ கெடுத்தது. மற்ற இரண்டும் எப்படிக் கெட்டன என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பத்து நிமிடம் என்பது பொய்யென்று சொல்ல மாட்டேன். நள்ளிரவில், சொந்தக் காரில், நெடுஞ்சாலையின் நடுத்தடுப்பைத் தாண்டிப் பறக்க வல்லவருக்குப் பத்து நிமிடந்தான். முன்பு 46 என்றும் இப்போது 48 என்றும் எண் பெற்றிருக்கும் அந்தச் சாலை, சென்னையையும் பெங்களூரையும் அருகருகே கொண்டுவந்தது. எங்களையும் எங்கள் ஊரையும் தூரமாக்கிவிட்டது. எதிர்ப்புறம் தெரியும் பள்ளிவாசல் மினாராவை அடைய, ஒரு கிலோமீட்டர் கிழக்கே போய்ச் சுரங்கப்பாதையில் நுழைந்து, மறுபடி ஒரு கிலோமீட்டர் மேற்கே வரவேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சுரங்கப்பாதை குளமாகிவிடும். காலை ஏழு மணிக்குக் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன்கள் சாரை சாரையாகப் போகும். அவற்றுக்கிடையே ஷேர் ஆட்டோவில் ஆறாவது ஆளாக, ஒரு காலை வெளியே நீட்டியவாறு தொங்கிக்கொண்டு நான் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது, வேலூர்ப் பக்கம் போகும் வண்டியின் கடைசிப் பெட்டி என்னை நோக்கி ஸலாம் சொல்லிக்கொண்டிருக்கும். தென்னாட்டின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ராயபுரத்திலிருந்து எங்கள் பக்கத்து வாலாஜா ரோடு வரையில்தான் ஓடியது என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்வேன். “அப்படியானால் அத்தா, நீங்கள் அப்போதிருந்தே தவறவிட்டுக்கொண்டிருக்கிறீர்களா?” என்று என் இளைய மகள் கேட்டாள். போக்குவரத்தைப் பற்றி இவ்வளவு போதும். அதற்கு ஒரு வழி பிறக்கலாம், பழகியும் போகலாம். தண்ணீர் கதை அப்படிப்பட்டதன்று.

புது வீட்டில் அறுநூறு அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டோம். தண்ணீர் வந்தது. நால்வரும் சுற்றி நின்று, “அல்ஹம்துலில்லாஹ்!” என்றோம். அத்தா மட்டும் ஒரு கை அள்ளி நாவில் வைத்துப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் துப்பினார்கள். அதன் பிறகு அந்த நீர் தன் கைவரிசையை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கிற்று. சோப்பு நுரைக்கவில்லை. ஆறே மாதத்தில் வெந்நீர்க் கொதிகலனின் கம்பியில் சுண்ணாம்புப் பாறை படிந்து அது வெடித்தது. சலவை இயந்திரம் துணியைத் துவைத்தபின் அதன்மேல் வெண்பொடி தூவிக் கொடுத்தது. குழாய்களின் வாயில் பழம்பள்ளிகளின் சுதைவேலை போல வெள்ளை பூத்தது. பாசுமதியே ஆனாலும், சீரகச்சம்பாவே ஆனாலும் அரிசி வேக மறுத்தது. பிரியாணிக்குப் பெயர் போன ஊரில் பிறந்து, பிரியாணிக்குக் கேன் தண்ணீர் விலைக்கு வாங்கும் காலம் எங்களுக்கு வாய்த்தது.

அப்போதுதான் 16,500 ரூபாய் கொடுத்து ஆரோவை அழைத்து வந்தோம். அதனைச் சுவரில் பொருத்த வந்த இளைஞர் சட்டைப்பையிலிருந்து பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து, தண்ணீரில் தோய்த்துக் காட்டினார். 1,800 என்று எண் தெரிந்தது. ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் உப்புக்களின் மொத்த அளவு மில்லிகிராமில் இவ்வளவு என்று பொருள். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் 500க்குள் இருப்பது நலம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். “அப்படியானால் நாம் சட்டத்துக்கு உட்பட்டுத்தான் இருக்கிறோம்” என்றார்கள் அத்தா. அந்தக் கருவி இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்றறிந்து ஒன்று வாங்கிக்கொண்டேன். அது எங்கள் குடும்பத்தில் என்னென்ன வேலை செய்யப் போகிறது என்பதை அன்று நான் அறியேன்.

இயந்திரம் பழுதுபட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு தொலைபேசி எண் தந்திருந்தார்கள். அதனை அழைத்தால் ஓர் இனிய குரல் இந்தியில் வரவேற்கும். தமிழுக்கு இன்ன எண் என்று அது சொல்லி முடிப்பதற்குள் பொறுமையிழந்து அழுத்தினால் முதலிலிருந்து தொடங்கும். இசை வரும். அஸருக்கு முன் அழைத்தவன் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை அந்த இசையைக் கேட்டிருக்கிறேன். இறுதியில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வரும்: தங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? இயந்திரமோ அடுக்களைத் தரையில் குளம் கட்டியிருக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று ஒன்றுண்டு. அதில் எது கெட்டுப்போகாதோ அதற்கெல்லாம் பொறுப்பேற்றிருப்பார்கள். எது கெடுமோ அது மட்டும் ‘தேய்மானப் பொருள்’.

இவையெல்லாம் எங்கும் உள்ள தொல்லைகள். எங்கள் வீட்டுத் தொல்லை வேறொரு திசையிலிருந்து வந்தது. இயந்திரத்தின் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் சாக்கடைக்குப் போவதை அம்மா ஒருநாள் கண்டுவிட்டார்கள்.

“இது என்னப்பா?”

“கழிவு நீர் அம்மா. உப்பை எல்லாம் சேர்த்து இந்தப் பக்கம் தள்ளிவிடும்.”

“எவ்வளவு தள்ளும்?”

நான் உண்மையைச் சொன்னேன். நான்கு குடம் உள்ளே போனால் ஒரு குடம் குடிநீர். மூன்று குடம் சாக்கடை. அம்மா இயந்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இரண்டு பேரில் யார் பெரிய குற்றவாளி என்று அவர்களால் முடிவு செய்ய இயலவில்லை போலும். அன்று மாலையே அந்தக் குழாய் சாக்கடையிலிருந்து விடுபட்டு ஒரு பெரிய அலுமினிய அண்டாவுக்குள் வந்து விழுந்தது. பாத்திரம் துலக்க, தரை மெழுக, கழிப்பறைக்கு என்று அம்மா அந்த நீரைப் பங்கிட்டார்கள். இறுதியில் ஒளூச் செய்யவும் அதனையே வைத்துக்கொள்ளலாமா என்ற ஐயம் அவர்களுக்கு எழுந்தது. கழிவு என்ற சொல்தான் இடித்தது. என்னை ஹஜ்ரத்திடம் அனுப்பினார்கள்.

வேலூர் பாகியாத்தில் ஓதிப் பட்டம் பெற்ற முதியவர் அவர். நான் இயந்திரத்தின் உட்கூறுகளை விளக்க விளக்கக் கண்ணை மூடிக் கேட்டார். “நஜீஸ் எதுவும் கலப்பதில்லையே? நிலத்திலிருந்து வந்த உப்புத்தானே? கடல் நீரில் ஒளூச் செய்வதற்கே மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது, இதற்கென்ன தடை? தாராளமாகச் செய்யச் சொல்” என்றார். நான் எழுந்தேன். “இரு” என்றார். “மூன்று பங்கு வீணாகிறது என்றாயே. ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூவில் தண்ணீரை வீண் செய்யாதே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்கு அறிவுறுத்தியதாக ஹதீஸில் வருகிறது. அந்தக் கேள்வியை உன் அம்மா கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.” அவரது பள்ளியிலும் பழைய ஹவுள் மூடப்பட்டுக் குழாய்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு குழாயும் திறந்தபடியே இருக்க, நாங்கள் தலைக்கு மஸஹ் செய்வது எப்படி என்பதை அவரும் தினந்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

அம்மாவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் அம்மாவின் கைகளுக்கு அந்த அனுமதி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதத்தில் விரலிடுக்குகள் வெடித்தன. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தொழப் போவார்கள். “பழைய வீட்டுக்கே போய்விடலாமப்பா. அங்கே கிணறு இருக்கிறது” என்று அடிக்கடி சொல்லலானார்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் கருவியை எடுத்துக்கொண்டு, வாடகைக்கு விட்டிருந்த அந்தப் பழைய வீட்டிற்குப் போய், கிணற்று நீரில் தோய்த்துப் பார்த்தேன். 2,300. அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. அத்தாவிடம் சொன்னேன். அத்தா வியப்படையவில்லை.

அத்தா நாற்பதாண்டுக் காலம் ஒரு தோல் ஷாப்பில் கணக்கெழுதியவர்கள். எங்கள் படிப்பு, தங்கையரின் திருமணம், இந்த வீட்டு மனை எல்லாம் அந்தப் பேரேட்டிலிருந்து வந்தவை. எங்கள் சமுதாயத்துக்கும் அப்படியே. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மத்ரஸாக்களும் எழுந்தது தோல் வணிகர்களின் ஈகையால் என்பதை மறைத்துப் பேசுகிறவன் நன்றி கொன்றவன். அதேபோல, சுண்ணாம்புக் குழியில் இடுப்பளவு நின்று தோலை மிதித்தவர்கள் பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும், அவர்கள் குடியிருப்புகளில்தான் முதன்முதலில் கிணறு கெட்டது என்பதையும் மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

அத்தாவின் இளமையில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுப் பதனிட்டார்கள். 1972ஆம் ஆண்டு சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, பாதிப் பதனிட்ட தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையாகச் செய்து முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி வந்தது. எங்கள் ஊருக்கு வேலை வந்தது. கூடவே குரோமியமும் பெருகி வந்தது. எல்லாரும் குரோமியத்தைப் பற்றியே பேசுவார்கள். “குரோமியத்தைப் பிடித்து வைக்க வழியுண்டு. எவரும் பேசாத சரக்கு ஒன்று இருக்கிறது” என்பார்கள் அத்தா. அதுதான் சாதாரண உப்பு. உரித்த தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு உப்பைப் பூசித்தான் அனுப்புவார்கள். பதனிடுமுன் அத்தனை உப்பையும் கழுவியாக வேண்டும். நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சுத்திகரிக்கும் தொட்டிகளால் உப்பை ஒன்றும் செய்ய முடியாது. அது நீரோடு வந்து நீரோடு போகும்; போகிற இடத்தில் தங்கும்.

போகிற இடம் பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலைப்பக்கத்தில் பிறந்து, ஆந்திரத்தின் மூலையொன்றைத் தொட்டு, எங்கள் மாவட்டங்களின் வழியே கடலுக்குப் போகவேண்டிய ஆறு. மேலே ஏரிகளும் அணைகளும் அதனைத் தடுத்துக்கொள்ள, கீழே மணல் லாரிகள் அதன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போக, ஆண்டில் பெரும்பகுதி அது வெறும் வெளிதான். ஆயினும் அத்தாவின் சிறுவயதில் மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊற்றுக் கண் திறக்குமாம். நன்னிமா அந்த ஊற்று நீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடம் நிரப்புவார்களாம். ஓடுகிற ஆறு கழிவைக் கடலுக்குக் கொண்டு போகும். ஓடாத ஆறு அதனைப் பருகி வைத்துக்கொள்ளும்.

மாதமொரு முறை எங்கள் வீட்டிற்கு ஆற்றோர ஊரிலிருந்து ஒரு கவுண்டர் தேங்காய் கொண்டு வருவார். அத்தாவுக்கு இளமைக்கால நண்பர். 1980களின் இறுதியில் ஒருநாள் அவர் கொண்டு வந்த தேங்காய்கள் எலுமிச்சை அளவில் இருந்தன. “பாய், கிணத்துத் தண்ணியில உப்பு பூத்துப் போச்சு. மரமெல்லாம் தலை சாயுது” என்றார். அத்தா வழக்கமான விலையைக் கொடுத்தார்கள். அவர் வாங்கிக்கொள்ள மறுத்தார். இருவரும் திண்ணையில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்ததைச் சிறுவனாகிய நான் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியென்று அத்தீர்ப்பு உரைத்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்று எங்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பாடம் நடத்துகிறார்கள். தீர்ப்பின்படி அமைந்த ஆணையம் 2001ஆம் ஆண்டில், பாதிக்கப்பட்ட 29,000க்கும் மேற்பட்டோருக்கு ஏறக்குறைய 26 கோடியே 82 லட்ச ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள்: தலைக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. நான் வாங்கிய இயந்திரத்தின் விலை அதைவிட அதிகம். கவுண்டருக்கும் ஒரு தொகை வந்தது. அதைக் கொண்டு மகளுக்கு ஒரு பசு வாங்கினார். நீதிமன்றப் படிகளை அதன் பின்னும் பலர் ஏறினார்கள். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கிடையே தொழிற்சாலைகள் சும்மா இருக்கவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடலாகாது என்ற விதியும் வந்தது. அதற்கு அவர்கள் எந்தப் பொறியை நாடினார்கள் தெரியுமா? எங்கள் ஆரோவின் பெரிய அண்ணனை! 1950களின் இறுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சிட்னி லோப் என்பவரும், நம் நாட்டில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் கடல் நீரைக் குடிநீராக்கவென்று உருவாக்கிய அதே மெல்லிய சவ்வு. அங்கேயும் அது நல்ல நீரை ஒருபுறமும் உப்பை ஒருபுறமும் பிரிக்கிறது. பின்னர் உப்பு நீரைக் காய்ச்சி வற்ற வைத்தால் எஞ்சுவது மூட்டை மூட்டையாகக் கழிவு உப்பு. அதனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கொட்டகைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இராணிப்பேட்டையில் 2015ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் விடியுமுன், இத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த பிள்ளைகள்.

ஒருநாள் அம்மாவின் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்த அத்தா, அடியில் படிந்திருந்த வெண்மையை விரலால் வழித்துப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்கள்: “மாதத்துக்கு எத்தனை மூட்டை உப்பு உள்ளே வந்தது என்று நாற்பது வருஷம் எழுதினேன். எழுத்துப் பிசகே கிடையாது. அது எங்கே போயிற்று என்று எழுத அந்தப் பேரேட்டில் பக்கமே இல்லை.”

2019ஆம் ஆண்டு ரமலான் மே மாதத்தில் வந்தது. கடும் வறட்சி. பத்தாம் நோன்பன்று ஆரோ முனகுவதை நிறுத்தியது. அழைத்தேன்; இசை கேட்டேன்; புகார் தீர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தது. மேட்டூரிலிருந்து குழாய் வழியே வரும் காவிரி நீர் ஊருக்குள் சில நாட்களுக்கு ஒருமுறை வந்தது. எங்கள் நகருக்குக் குழாய் இன்னும் வந்து சேரவில்லை. கேன் தண்ணீர்க்காரர் கைப்பேசியை எடுப்பதையே விட்டுவிட்டார். வேறு வழியின்றி ஆழ்துளை நீரில் நோன்புக் கஞ்சி காய்ச்சினோம். அரிசி நொய் வேகவில்லை. வெந்தயம் கசப்பை மட்டும் தந்தது. உப்பு போட மறந்திருந்தும் எவரும் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு அந்தக் கஞ்சியை ஒரு வாய் பருகிய என் மூத்த மகன், வேறொன்றும் பேசாமல் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். அத்தா மட்டும் முழுக் கிண்ணத்தையும் குடித்து முடித்தார்கள். “இது எனக்கு வரவேண்டிய பங்கு” என்றார்கள். அதே மாதத்தில்தான், உப்பு 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் இத்தகைய இயந்திரங்களைத் தடை செய்யவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட செய்தி நாளேட்டில் வந்தது. நல்ல உத்தரவுதான். அந்தத் தடையில் அகப்படும் பாக்கியம் எங்களுக்கு இல்லை.

2021ஆம் ஆண்டு நவம்பரில் பாலாறு பெருகிற்று. 1903ஆம் ஆண்டு நவம்பரில் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன வெள்ளத்தைப் பற்றி நன்னிமா சொல்லக் கேட்டிருக்கிறோம். எங்கள் ஆயுளில் இப்படிக் கரை தொட்டு ஓடிய ஆற்றைக் கண்டதில்லை. மழை விட்ட மறுநாள் அத்தா, “என்னை ஆற்றுக்கு அழைத்துப் போ” என்றார்கள். எண்பது வயதை நெருங்கியவர்கள், மூச்சிரைப்பு வேறு. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதால் நெடுஞ்சாலையிலேயே ஐந்து கிலோமீட்டர் சுற்றிப் போனோம். ஊரே கரையில் நின்றது. காவலர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். கவுண்டரின் ஊர்ப்பக்கம் ஒரு வாய்க்கால் மேட்டில் இறங்கி, அத்தா கையோடு கொண்டு வந்திருந்த பித்தளைக் குடத்தில் தண்ணீர் மொண்டு தரச் சொன்னார்கள். செம்மண் கலங்கல். நான் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்தேன். “அதை உள்ளே வை” என்றார்கள்.

அம்மா அந்தக் குடத்து வாயில் உட்புறமாகத் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து இரவு முழுதும் தெளிய விட்டார்கள். விடியலில் மேல்நீரை இறுத்து, பாதியைக் காய்ச்சி ஆற்றினார்கள். மீதியில் சுபுஹுக்கு ஒளூச் செய்தார்கள். ஒரு லோட்டாவுக்கு மேல் செலவாகவில்லை. ஈரக் கையை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்து, “வழுக்குகிறதப்பா!” என்று சிறுபிள்ளை போல மகிழ்ந்தார்கள். அத்தா ஆறிய நீரை ஒரு மிடறு பருகிவிட்டு, “இப்போது எடு உன் கருவியை” என்றார்கள். 310.

பழைய பெட்டியிலிருந்து எழுதாத பேரேடு ஒன்றை அத்தா அன்று எடுத்தார்கள். நாள், இடம், அளவு என்று மூன்று பத்தி கோடிட்டு, முதல் வரியில் ஆற்று நீரையும் இரண்டாம் வரியில் எங்கள் ஆழ்துளைக் கிணற்றையும் எழுதினார்கள். வெள்ளம் வடிந்த சில வாரங்களில் எங்கள் கிணற்று நீர் 1,800லிருந்து இறங்கத் தொடங்கிற்று. ஜனவரியில் 1,350. மார்ச்சில் 1,120. ஆரோவுக்குச் சிகிச்சை செய்ய வந்த இளைஞர் தம் கருவியில்தான் கோளாறு என்று எண்ணி அதனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கவுண்டருக்குச் செய்தி எட்டியது. அவரும் ஒரு சீசாவில் தம் கிணற்று நீரைக் கொண்டு வந்து, “நம்மதையும் எழுதுங்க, பாய்” என்றார். அத்தா அவருக்கெனத் தனிப் பக்கம் ஒதுக்கினார்கள். இருவரும் மறுபடியும் திண்ணையில் உட்கார்ந்தார்கள், இம்முறை பேசினார்கள். மழை குறைந்த அடுத்த ஆண்டு எண்கள் திரும்ப ஏறின. ஏறியதையும் அத்தா அதே கையெழுத்தில், பிசகின்றி எழுதினார்கள்.

அத்தா 2023ஆம் ஆண்டு இறையடி சேர்ந்தார்கள். குளிப்பாட்ட எந்தத் தண்ணீர் என்ற கேள்வி எழுந்தபோது அம்மா, “வீட்டுத் தண்ணீரே போதும், அவர்கள் கணக்கு அதில்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டார்கள்.

பழைய வீட்டுப் பேச்சை அதன்பின் அம்மா எடுப்பதில்லை. அண்டா இப்போதும் ஆரோவின் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன்பாகக் கவுண்டரின் மகன் ஸ்கூட்டரில் ஒரு சீசாத் தண்ணீரும் நான்கு தேங்காயும் கொண்டு வருகிறார். நான் கருவியைத் தோய்த்து எண்ணைச் சொல்ல, என் இளைய மகள் பேரேட்டில் எழுதுகிறாள். சென்ற மாதம் அவர்கள் கிணறு 1,960. நமது 1,740. தேங்காய் பரவாயில்லை, நடுத்தர அளவு.